மூன்று பட்டன் ஜாக்கெட்டும் முட்லூர் டீக்கடையும்

போன ஞாயிறு விடியற்காலை, ஆலப்பாக்கம் தாண்டும்போது, எனக்கு முன்னால் உட்கார்ந்து பைக் ஓட்டிக்கொண்டிருந்த மனிதரிடமிருந்து இஸ்திரிப் பெட்டி வாசனை வந்தது.

எனக்கு அந்த வாசனை ஆகாது. முதல் இன்டர்வியூ அன்று, இருந்த ஒரே நல்ல சட்டையின் முதுகில் பெட்டியை வைத்துவிட்டு வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தவன் நான். ஓட்டைச் சட்டையோடுதான் போனேன். முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தேன். மரியாதை தெரிந்த பையன் என்று வேலை கொடுத்துவிட்டார்கள்!

"மச்சான்... என்னமோ கருகுது."

"புதுத் துணி வாசனை மாமா. கம்முனு வாங்க."

குணா என் மனைவியின் தம்பி. மஞ்சக்குப்பத்தில் வீடு, அரசு அலுவலகத்தில் வேலை, வயது நாற்பத்தொன்பது. ஜூனில் லடாக் கிளம்பும் பைக் கோஷ்டியில் எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும். பெயர் கொடுக்க அன்று மாலைதான் கடைசி.

குறுக்கே நின்றது அவன் மனைவி வசந்தி. காரணம் இருந்தது. போன வருஷம் ஊட்டியில் மூன்று நாளும் லாட்ஜ் கம்பளிக்குள் இருந்தபடி, தலையை மட்டும் வெளியே நீட்டி ஆமை மாதிரி ஊரைப் பார்த்தவன் குணா.

"ஊட்டிக்கே இப்டி. லடாக்ல ஒங்கள எந்தக் கம்பளியில போயி தேடறது?"

விடுவானா? ஆன்லைனில் ஆர்டர் போட்டான். உள்ளே கம்பி ஓடும் ஜாக்கெட் — பைக் பேட்டரியில் ஒயர் செருகினால் முதுகு சுடும். குட்டி பேட்டரி வைத்த கிளவுஸ். ஷூவுக்குள் போட சூடாகும் அட்டை. ஜாக்கெட்டின் நெஞ்சில் மூன்று பட்டன்: பச்சை இளம் சூடு, வெள்ளை நடு சூடு, சிவப்பு... அதைத்தான் அமுக்கியிருந்தான். டெஸ்ட் என்றால் டெஸ்ட்!

டெஸ்ட் வைத்தது வசந்தி.

"எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு சிதம்பரம் போயிட்டு வாங்க. வண்டி மக்கர் பண்ணக் கூடாது. ஒரு சாமானும் கொறையக் கூடாது. அண்ணன் பின்னாடி ஒக்காந்து பாத்துட்டு வந்து சொல்லட்டும். சரியா இருந்தா பேர் குடுங்க."

அண்ணன் என்றால் நான். சாட்சி.

மார்கழி மாதம்தான். வயல் மேல் பனி, ஈரத்துணி காயப்போட்டது போல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் எங்கள் ஊர்க் குளிர் எப்படிப்பட்டது? ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைக்கிற குளிர். அதில் ஒரு மனிதன் தன்னைத்தானே வேகவைத்துக்கொண்டு போவதை நான் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். ஹெல்மெட்டுக்குக் கீழே வியர்வை ஒழுகி என் பேன்ட்டில் சொட்டியது.

தினமும் சாயங்காலம் தெருமுனையிலேயே மூன்று தரம் ஹாரன் அடிப்பான் குணா. வசந்தி வந்து கேட் திறக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட ஹாரனைப் புதுச்சத்திரத்தில் ஒரு பஸ்ஸை முந்தப் போய் அமுக்கினான். விக்கல் மாதிரி ஒரு சத்தம். அடுத்த அமுக்கலுக்கு அதுவும் இல்லை. ஹெட்லைட் எண்ணெய் தீர்ந்த அகல் மாதிரி சிவந்தது. ஜாக்கெட் அவன் முதுகில் உட்கார்ந்துகொண்டு பேட்டரியை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது.

பி.முட்லூர் டீக்கடையில் நிறுத்தினான். இறங்கினான். ஒயர் செருகியிருப்பது அவனுக்கு ஞாபகமில்லை. வண்டியோ அவனை விடுவதாக இல்லை. கன்றுக்குட்டி மாதிரி ஒரு இழுப்பு... பைக் சாய, நான் பிடிக்கப் பாய, குறுக்கே இன்னொரு கையும் வந்து பிடித்தது. அந்தக் கை என் மணிக்கட்டில் பட்டது.

சிலீரென்றது. அன்று காலை நான் தொட்ட ஒரே குளிர் அதுதான்.

மீன் விற்கும் ஸ்டெல்லா அக்காவின் கை; டீக்கடைக்காரர் அப்படித்தான் கூப்பிட்டார். பரங்கிப்பேட்டையில் மீன் எடுத்து, ஐஸில் அடுக்கி, மொபெட்டின் பின்னால் பெட்டி கட்டி, சிதம்பரத்துத் தெருக்களில் விற்கிறவர். விரல்கள் வெளுத்து, ஊறிய பட்டாணி போல் சுருங்கியிருந்தன. வண்டியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, தன் மொபெட் இன்ஜின் பக்கத்தில் குந்தி, அடுப்பில் காட்டுவது போல் கையை நீட்டினார்.

"இன்னும் மரத்துதான் கெடக்குது. பிரேக்கு புடிச்சனா இல்லியான்னு கண்ணால பாத்துதான் தெரிஞ்சிக்கணும்" என்றவர், குணாவை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சார், ஒடம்பு சரியில்லியா? கரண்டு வெச்சிருக்காங்க?"

"இல்லக்கா. லடாக் போறதுக்கு."

"அங்க என்னா வேல?"

"வேல இல்ல... சும்மா. குளிருக்கு."

அக்கா என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

குணா கூச்சத்தோடு கிளவுஸைக் கழற்றி நீட்டினான். "போட்டுப் பாருங்கக்கா." மாட்டினார். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"யாரோ கையப் புடிச்ச மாதிரி இருக்குது சார். எங்க வூட்டுக்காரரு கூட இப்டி புடிச்சதில்ல."

டீ முடிந்து பைக்கை எடுத்தால் 'டக்' என்றது. அவ்வளவுதான். கிக்கர் கிடையாது. தள்ளித்தான் ஆக வேண்டும். நானும் அக்காவும் தள்ள, லடாக் வீரர் மேலே உட்கார்ந்திருந்தார். நாலாவது தள்ளலில் வண்டி உயிர் பெற்றது. அக்கா கிளவுஸைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். "பனிக்குப் போறவரு நீங்க. வெச்சிக்கங்க."

வாங்கிக்கொண்டான்!

ஜாக்கெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டியவன் கிசுகிசுத்தான்: "மாமா, பேட்டரி மேட்டர் வசந்திக்குத் தெரிய வேணாம்." சரி என்றேன். நம் நாட்டில் சாட்சி எதற்கு இருக்கிறான்?

வெள்ளாற்றுப் பாலத்தில், எங்களுக்கு முன் கிளம்பிய அக்காவைப் பிடித்தோம். ஒரு கையால் ஓட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு கை அக்குளில். கொஞ்ச தூரம் போய்க் கை மாற்றினார். மொபெட் ஒரு வெட்டு வெட்டியது. பின்னால் லாரி.

வேலையில் விறைக்கும் கைக்கு இங்கே யாரும் சூடு தைப்பதில்லை. பொழுதுபோகாமல் குளிரைத் தேடிப் போகிறவனுக்குத்தான் மூன்று கலரில் பட்டன்.

குணா அக்காவைக் கைகாட்டி நிறுத்தினான். இன்ஜின் அணைந்துவிடாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கியபடியே கிளவுஸை என் மடியில் போட்டான். "குடுத்துட்டு வாங்க மாமா."

"யோசிச்சிக்க மச்சான். ஒரு சாமானும் கொறையக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. பேட்டரிய நான் மறைச்சிருவேன், இத எப்டி மறைக்கிறது? லடாக் போயிரும்."

"தெரியும் மாமா. குடுங்க."

சும்மா வாங்க மாட்டேன் என்று அக்கா ஒரு பை நிறைய சங்கரா மீனைத் திணித்தார். சிதம்பரத்தில் நாங்கள் இறங்கவே இல்லை. அணைத்தால் யார் தள்ளுவது? தேரடியை ஒரு சுற்று சுற்றித் திரும்பினோம்.

மஞ்சக்குப்பத்தில் கேட் மூடியிருந்தது. நானே இறங்கித் திறந்தேன். வசந்தி வந்தாள். மீன் பையைப் பார்த்தாள். குணாவின் வெறும் கையைப் பார்த்தாள்.

"கிளவுஸ் எங்க?"

"மீன்கார அக்காவுக்குக் குடுத்துட்டேன். ஐஸ்ல கை மரத்துப் போயி ஒத்தக் கையால ஓட்டறாங்க" என்றான் குணா.

வசந்தி கையை நீட்டினாள். மீனை வாங்கிக்கொண்டாள். "சாயங்காலத்துக்குள்ள பேர் குடுத்துருங்க. கிளவுஸ் வேற வாங்கிக்கலாம்" என்றாள்.

நான் சாட்சிக் கடமையை முடித்தேன். "வண்டி ஒரு மக்கரும் பண்ணலம்மா. பேட்டரி கல்லு மாதிரி." சொல்லிவிட்டு என் ஸ்கூட்டரை எடுத்தேன்.

கேட்டைச் சாத்தியபடி வசந்தி சொன்னாள்: "தெருமுனையில ஹாரன் சத்தமே காணோமேண்ணா... பாத்துப் போங்க."