ஆம்பிளை இருக்கிற வீடு

அன்றைக்கு எங்கள் குசினியில் இருந்தவர்கள் இவ்வளவுதான். என் மனைவி, இடியாப்ப உரலைப் பிடித்துக்கொண்டு. மேல் வீட்டுத் தாத்தா, அடுப்புக்குப் பக்கத்தில், காலை நீட்டிக்கொண்டு. முஸ்லிம் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். எங்கள் வீதியில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பின் வீட்டு மருமகள், வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பிள்ளை, தட்டுகளுக்கு நடுவில். கதவடியில் நான்.

பகல் இரண்டரை மணி இருக்கும். அந்த நேரத்தில் நான் வீட்டுக்கு வந்ததே இல்லை. கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நின்றேன். கட்டுகஸ்தோட்டையில் காலையில் பஸ் ஏறினால் திரும்பி வர இரவு எட்டாகும். கலியாணத்துக்கு முந்தியே அந்தக் கடைதான். சாமான் விலை ஏறின நாளிலிருந்து யாரும் புதுத்துணி எடுக்க வருவதில்லை. அன்றைக்கு முதலாளி எங்களை வரிசையாக நிற்க வைத்து, இனி ஏலாது என்றார். ஆளுக்கு ஒரு கவரும் ஒரு சட்டைத் துணியும் கொடுத்தார். அழுதார். நாங்கள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தோம்.

வீட்டு வாசலுக்கு வரும்போதே சிரிப்புக் கேட்டது. என் மனைவி ஆம்பிளைக் குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தொட்டுப் பாருங்கம்மா! தொட்டுப் பாக்கக் காசு இல்ல! இந்தக் கலர் உங்களுக்குன்னே நெஞ்சது!"

அது நான்தான். கடையில் நான் பேசுகிற பேச்சு. எப்போதோ வந்து கேட்டிருக்கிறாள். மற்ற இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் அப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

என்னைக் கண்டதும் எல்லாம் நின்றது. தாத்தா காலை மடக்கி, தோளில் கிடந்த சீலையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை எழும்பி நின்றது.

"என்னங்க, இந்நேரத்துல?"

"கட மூடியாச்சு."

"இன்னைக்கிப் போயாவா மாமா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. பௌர்ணமிப் போயா நாளில் கடை மூடுவோம்.

"இல்ல. மூடியாச்சு."

என் மனைவிக்கு விளங்கிவிட்டது. உரலைக் கீழே வைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். தாத்தா, "நான் பேத்து வாரன்" என்று எழும்பினார். அந்தப் பிள்ளையும் பின்னாலேயே போனது. பாதி வேலை கிடந்தது.

இடியாப்ப வேலையை என் மனைவி தொடங்கிப் பல வருஷம். மகளைப் பிலிமத்தலாவையில் கட்டிக்கொடுத்த பிறகு, சும்மா இருக்க முடியவில்லை என்று தொடங்கினாள். முதலில் வீதியில் நாலு வீட்டுக்கு. பிறகு மூன்று சாப்பாட்டுக் கடை, ஒரு ஹோட்டல். ராச் சாப்பாட்டுக்குப் போகிற இடியாப்பம். பகல் இரண்டுக்குத் தொடங்கி ஆறுக்கு முடித்து ஆட்டோவில் ஏற்றிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு இடியாப்பத்துக்குக் குறையாது. நான் வீட்டுக்கு வரும்போது குசினி கழுவிக் காய்ந்திருக்கும். ஆகையால் அது பெரிய வேலை என்று நான் நினைத்ததில்லை.

கடை போன பிறகு வீட்டுக்கு வரும்படி அது ஒன்றுதான்.

மறுநாள் இரண்டு மணிக்கு யாரும் வரவில்லை. தாத்தாவுக்குத் தலையிடி என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். பின் வீட்டுப் பிள்ளைக்கு ஏதோ சோலி. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நான் சும்மாதானே இருக்கேன். எதுக்கு வெளி ஆளு? மிச்சம்தானே."

அவள் சுடுதண்ணியை மாவில் ஊற்றினாள்.

அந்த வேலையில் ஒரு விஷயம் இருக்கிறது. மாவு சுடச்சுட இருக்கும்போதே பிழிந்துவிட வேண்டும். ஆறினால் இறுகிப்போகும். பிறகு உரலை அமுக்க ஏலாது. அமுக்கினாலும் நூல் அறுந்து அறுந்து விழும். ஒருத்தர் பிழியப் பிழிய, ஒருத்தர் தட்டை அடுப்பில் ஏற்றி இறக்க வேண்டும். ஒருத்தர் வெந்ததைக் கழற்றி, வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு கை நின்றால் மூன்றும் நிற்கும். அவர்கள் மூன்று பேரும் கதை பேசிக்கொண்டு செய்தார்கள். கதைதான் கையை ஓட்டியது. இது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நான் கழற்றினேன். ஒவ்வொன்றையும் விளிம்பு சரிபார்த்து அடுக்கினேன். கடையில் பழகின கை அது.

"என்னங்க, இது சாரி இல்ல. மடிப்புப் பாக்காதீங்க. தட்டத் தாங்க."

"இந்தா, இந்தா."

"மாவு செத்துப்போச்சு."

திரும்பவும் தண்ணி கொதிக்க வைக்க வேண்டியிருந்தது. ஆட்டோக்காரர் வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றார்.

இப்படியே போனது. நான் பழகிவிடுவேன் என்று நினைத்தேன். பழகவில்லை. வயசான விரல். சூட்டுக்குப் பின்வாங்கும். அதுவாவது பரவாயில்லை. பேச்சு இல்லாமல் போனதுதான் பெரிய பாடு. இத்தனை வருஷமும் நாங்கள் இரவில்தான் ஒருத்தரை ஒருத்தர் கண்டோம். எங்களிடம் இருந்த பேச்சு ராச் சோறு தின்று முடிக்கிற வரைக்கும்தான் காணும். பகல் முழுக்கப் பேச எங்களிடம் ஒன்றும் இல்லை. அவள் அடுப்பைப் பார்ப்பாள். நான் தட்டைப் பார்ப்பேன். ரேடியோவைப் போட்டேன். "சத்தத்தக் கொறைங்க" என்றாள். குறைத்தேன். பிறகு நிறுத்தினேன்.

அவள் குளிக்கப் போனாலும் நான் வீட்டில். படுத்தாலும் நான் வீட்டில். தலையை விரித்துப்போட்டுக்கொண்டு வாசலில் உட்காருவாளாம் பகலில். பின் வீட்டுப் பிள்ளை பேன் பார்க்குமாம். அதெல்லாம் நின்றுபோனது. நான் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. இருந்தேன். அவ்வளவுதான்.

போன் வந்தால் நான் எடுப்பேன். "வணக்கம், சொல்லுங்க சார், என்ன வேணும்?" என்று கடைக்குரல் தானாக வரும். பாலத்தடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற தம்பி ஒரு நாள் போனில் சொன்னார்.

"அண்ணே, நான் இடியாப்பம் கேட்டேன். நீங்க கொத்து ரொட்டியே போட்டு அனுப்பி இருக்கீங்க."

சிரித்தேன். அவரும் சிரித்தார். அடுத்த கிழமை வேறு ஆளிடம் எடுத்தார். இன்னொரு கடை, சொல்லாமலேயே நிறுத்தியது. ஆட்டோக்காரர் போய்க் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அப்போதும் நான், மாவு சரியில்லை, புது அரிசி, மில்காரன் கலக்கிறான் என்றெல்லாம் சொன்னேன். அவள், "இருக்கும்" என்றாள்.

ஒரு நாள் தேங்காய் வாங்கப் போன இடத்தில் தாத்தாவைக் கண்டேன். கடைவாசலில் ஓரமாக நின்று கேட்டேன்.

"என்ன தாத்தா, இப்ப எங்க பக்கம் வாறதே இல்ல. எங்க மேல கோவமா?"

"அல்லாவே, என்னத்துக்குக் கோவம்? நீங்க ஊட்ல ஈக்கிறீங்களே தம்பி."

"நான் இருந்தா என்ன?"

"என்னவா? ஆம்புள ஈக்கிற ஊட்ல, குசினில போய் நீட்டி நிமிந்து குந்தி ஈக்கேலுமா? தலைய மூடிக்கிட்டு அந்த அடுப்புச் சூட்டுல நாலு மணித்தியாலம் ஈந்தா நானே அவிஞ்சி போவன். என்னையும் சேத்து லன்ச் ஷீட்ல சுத்தி அனுப்ப வேண்டியதுதான்."

அவரே சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவிச்சிக்கிறாதீங்க. உங்கட ஊடு. நீங்க ஈக்கத்தானே வேணும். எங்க போக?" என்றார்.

எங்க போக. அதை யோசித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் பகல் சாப்பிட்டதும் கடைக்குப் போடுகிற சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

"எங்கங்க?"

"ஒரு வேலையா போறேன். ஆறு மணிக்கு வருவேன்."

பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். வாவிக்கரையில் பெஞ்சில் இருந்தேன். ஜோடிகள் குடைக்குள் இருந்தார்கள். என்னைக் கண்டு இரண்டு பெஞ்ச் தள்ளிப் போனார்கள். அங்கேயும் நான் இடைஞ்சல். எழும்பி மார்க்கெட்டுக்குப் போனேன். பழைய கடைப் பக்கம் போகவில்லை. அப்படியும் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு, "எந்தக் கடைக்கு மாறிட்டீங்க? மகளுக்குக் கூறைச்சேலை எடுக்கணும்" என்று கேட்டார்.

"இன்னும் முடிவாகலம்மா."

"முடிவானதும் சொல்லுங்க. நீங்கதான் பொய் சொல்லாமக் காட்டுவீங்க."

தினமும் அப்படிப் போனேன். மழையென்றால் பஸ் நிலையத்தில் நிற்பேன். நான் இல்லாத நேரம் அவர்கள் வருவார்கள், கை மூன்றும் ஓடும், நூல் மெல்லிசாக விழும் என்று மனதில் ஒரு கணக்கு. ஆறு மணிக்கு வரும்போது குசினி கழுவிக் காய்ந்திருக்கும். அது எனக்குப் போதுமாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கூச்சப்படுவாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் மகாவலிப் பாலத்தடியில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. கண்டிக்குப் போகாமல் நடந்தே திரும்பினேன். மூன்று மணி இருக்கும். வாசலில் செருப்பு ஒரு சோடிதான் கிடந்தது.

குசினிக் கதவால் பார்த்தேன். அவள் மட்டும் இருந்தாள். நாலு தட்டுப் பிழிவாள். எழும்பி அடுப்பில் ஏற்றுவாள். இறக்குவாள். இந்தப் பக்கம் வந்து கழற்றுவாள். திரும்பப் போய் உரலைப் பிடித்து, நெஞ்சை வைத்து அமுக்குவாள். அது இறங்காது. மாவை எடுத்துத் திரும்பவும் சுடுதண்ணி தெளித்துப் பிசைவாள். வாய் மட்டும் மூடியே இருந்தது.

"அவங்க வரலையா?"

திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"யாரு?"

"தாத்தா. அந்தப் புள்ள. நான் போனா வருவாங்கன்னுதான் போறேன்."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"போய்ட்டு வந்தா உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன். வீட்ல உங்க மொகத்தப் பாக்க முடியல."

நான் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அவள் வேலையை நிறுத்தாமலே சொன்னாள். பின் வீட்டுப் பிள்ளை கார்மென்டுக்குத் தைக்கப் போகிறது. தாத்தா அவர் வீட்டிலேயே இடியாப்பம் தொடங்கிவிட்டார். அவர் மகன் கட்டாரில். வீட்டில் மருமகளும் அவரும்தான். பக்கத்தில் இரண்டு பெண்கள் வந்து உட்காருகிறார்கள். எங்கள் ஹோட்டல் இப்போது அங்கேதான் எடுக்கிறது.

"நம்ம ஹோட்டலா?"

"தாத்தா வந்து என்னக் கேட்டுட்டுத்தான் குடுத்தாங்க. நான்தான் குடுங்கன்னு சொன்னேன். என்னால ஏலல."

"மாவுப் பதம் நீதானே சொல்லிக் குடுத்த?"

"ஆமா."

"நீ ஒண்ணும் கேக்கலியா?"

"என்னத்தக் கேக்கிறது?" என்றாள். கொஞ்ச நேரம் பிழிந்தாள். "நானும் அங்க வந்து குந்தவான்னு கேக்கணும்போல இருந்திச்சி. வெக்கமா இருந்திச்சி, கேக்கல."

அடுப்பில் தண்ணி கொதித்து மூடி ஆடியது. நான் எழும்பி மூடியைச் சரியாக வைத்தேன்.

"கேளு புள்ள," என்றேன்.

"இது?"

"நான் பாத்துக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அன்றைக்குச் சாயந்தரமே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

இப்போது இரண்டு மணிக்கு அவள் மேல் வீட்டுக்குப் போகிறாள். அவள் தொடங்கின வேலைக்கு, இன்னொரு வீட்டில் கூலியாக. நாள் கூலி கையில் கிடைக்கும். எங்கள் சீவியம் அதில்தான். ஆறு மணிக்கு வரும்போது முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் இருக்கும். வாசல் தாண்டினால் இருக்காது. என்ன பேசினீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "சும்மா" என்றாள்.

நான் எங்கள் குசினியில் இருக்கிறேன். உரல், தட்டு, பானை எல்லாம் எனக்குத்தான். மூன்றாவது சாப்பாட்டுக் கடைக்காரர் மட்டும் இன்னும் எடுக்கிறார். பழக்கத்துக்காக எடுக்கிறார். அவர் தகப்பனுக்குக் கடையில் நான் வேட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கொஞ்ச மாவு என்றால் நான் ஒருத்தன் ஆறுமுன் பிழிந்துவிடலாம். கூடினால் முடியாது. தடிப்பாகத்தான் விழுகிறது. அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் எண்ணிக்கை கிழமைக்குக் கிழமை குறைகிறது. ஐம்பதில் நின்றது. பிறகு நாற்பது.

நேற்று சாயந்தரம் அவர் போன் பண்ணினார். என் மனைவி அப்போதுதான் வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பேசி முடித்துப் போனை வைத்தேன்.

"நாளைக்கு எத்தனையாம்?" என்று கேட்டாள்.

"இருபது."