டீ கொண்டு வந்தவள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு. முன்னால் நின்று வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். சக்கரம் சுற்றும் இரைச்சல், அதன்மேல் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர், விரல் ரேகைக்குள் புகுந்துகொண்டு எத்தனை கழுவினாலும் போகாத வெள்ளைப் பொடி, இவ்வளவுதான் அவளுடைய பகல். கடையில் அவளை எல்லோரும் அக்கா என்பார்கள். பூதம் என்று கூப்பிட்டது ஒருத்திதான். பூதக்கண்ணாடியின் சுருக்கம்.

அந்த ஒருத்தி பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, யாருடைய பை கிடைத்திருக்கிறது, எந்தக் குழந்தை விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்று நாள் முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி, வீட்டில் உப்புக் கேட்டாலும் அதே குரலில் கேட்பாள். அவளுக்குப் பூதம் வைத்த பெயர் ஸ்பீக்கர்.

அவர்கள் பழக்கமானதே ஒரு படத்தால்தான். ஒரு நாள் ஸ்பீக்கர் கால் ஒடிந்த மூக்குக் கண்ணாடியோடு கடைக்கு வந்தாள். முன்னால் ஆள் இல்லாததால் பூதமே வந்து வாங்கிப் பார்த்தாள்.

"எப்படி உடைஞ்சுது?"

"படம் பார்த்துக்கிட்டிருந்தேன். கடைசில பார்த்தா, கூடவே சுத்திக்கிட்டிருந்த உதவியாளன்தான் எல்லா ரகசியத்தையும் எதிர்க்கட்சிக்குப் போட்டுக் கொடுத்திருக்கான். எரிச்சல்ல கழட்டி வீசிட்டேன்."

"படத்துல இருக்கிறவன் மேலயா?"

"பின்ன, பக்கத்து சீட்டுக்காரன் மேலயா?"

பூதம் சிரித்த சிரிப்பில் பின்னறையிலிருந்த பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்காவுக்குச் சிரிக்க வரும் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி.

அதற்குப் பிறகு வாராவாரம் ஒரு படம். தியேட்டரில் ஒன்றும் ஓடவில்லை என்றால் ஸ்பீக்கர் வீட்டுப் பழைய டிவியில். பெயர் சொல்லி எந்தப் படத்தையும் அவர்கள் பேசியதில்லை. மந்திரியின் காது மெஷினுக்குள் ஒட்டுக்கேட்கும் கருவியை வைத்துவிடுகிறார்களே, அது 'காது மெஷின் படம்'. பாலம் இடிந்ததை விசாரிக்கப் போன நிருபர் பெண் கடைசியில் தன் அப்பாவின் கையெழுத்தைக் கண்டுபிடிப்பது 'பாலத்துப் படம்'. ஸ்பீக்கருக்கு இப்படி ஆட்சியைக் கவிழ்க்கிற படங்கள்தான் உயிர். பூதத்துக்குப் பிடித்தது வேறு ஜாதி. அதில் ஒருவரும் ஒருவரையும் துரத்த மாட்டார்கள்.

"என்னடி படம் இது? ஒரு பொம்பளை பாத்திரம் கழுவறா, கழுவறா, கழுவிக்கிட்டே இருக்கா. இடைவேளைக்கு அப்புறமாவது ஏதாவது நடக்கும்னு பார்த்தா, துடைக்கிறா."

"அவ பையன் சண்டைக்குப் போய்த் திரும்பல. தினம் அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறா. யாரும் சாப்பிடாத தட்டைத்தான் கழுவறா. அதான் கதை."

"அதை அவ வாயத் திறந்து சொல்லியிருந்தா நான் தூங்கியிருக்க மாட்டேன்ல?"

பூதத்தின் படங்களில் ஸ்பீக்கர் கேட்கும் ஒரே கேள்வி, "இடைவேளை எப்போடி?" என்பதுதான். இடைவேளை வந்ததும் சிறையிலிருந்து விட்டதுபோல வெளியே ஓடுவாள்.

ஸ்பீக்கருக்கு ஒரு கொள்கை இருந்தது. அரசியல் படம் எதுவானாலும் துரோகி யாரென்று முதல் கால் மணி நேரத்தில் சொல்லிவிடலாம். "டீ கொண்டு வர்றவனைப் பாரு. அவன்தான். காவல் இருக்கிறவனை எல்லாரும் சந்தேகப்படுவாங்க. கையில டீயோட உள்ள வர்றவனை யாரும் நிறுத்த மாட்டாங்க."

"அப்போ ஊர்ல இருக்கிற டீக்கடைக்காரனையெல்லாம் உள்ள தள்ளணும்."

"சிரிடி. ஒருநாள் தெரியும்."

இப்படியே வருடங்கள் ஓடின. ஸ்பீக்கர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டு மாடியறை அவளுடையது. பூதத்தின் கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். பாதி நாள் வெளியூர். "உங்க ரெண்டு பேருக்கும் படம் ஒரு சாக்கு. சண்டை போட ஆள் வேணும், அவ்வளவுதான்" என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. பேசத் தெரியாத பூதத்துக்குச் சண்டை போட வாய்த்தது அந்த ஒரே ஆள்.

ஸ்பீக்கருக்கு முதலில் தடுமாறியது அறிவிப்பில்தான். போன வண்டியை வருகிறது என்றாள். வராத வண்டியைப் புறப்பட்டுவிட்டது என்றாள். நிலையத்தில் சிரித்தார்கள், பிறகு முகம் சுளித்தார்கள், பிறகு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூளைக்குப் போகும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டே வருகின்றன என்றார் டாக்டர். மாத்திரையை நிறுத்தாமல் கொடுத்தால் நினைவு மெதுவாகப் போகும், நிறுத்திவிட்டால் வேகமாகப் போகும். திரும்பி வரும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

ஆனால் ஸ்பீக்கர் மாத்திரையைத் தொட மறுத்தாள். தெருவிளக்குக் கம்பத்தில் கேமரா இருக்கிறது என்று ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பழைய பேருந்துக் கால அட்டவணைகளை ஒட்டினாள். தம்பி மனைவி சாப்பாடு எடுத்துப் போனால், "நீ முதல்ல சாப்பிடு" என்றாள். அவள் சாப்பிட்டுக் காட்டினால், "மாற்று மருந்து போட்டுக்கிட்டு வந்திருப்பே" என்றாள். அந்தப் பெண் கீழே வந்து சமையலறையில் நின்று அழுவாள்.

பூதத்துக்கு ஒரு யோசனை தோன்றியது. மாடிக்குப் போய், கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினாள். "ஸ்பீக்கர், தகவல் வந்திருக்கு. மொத்த ஆதாரமும் இந்த மாத்திரைக்குள்ள இருக்கு. அவங்க கையில சிக்கக் கூடாது. விழுங்கிடு."

ஸ்பீக்கரின் கண்கள் மின்னின. படக்கென்று வாயில் போட்டு, மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டாள்.

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, நீங்க தெய்வம்" என்றான். தினமும் கடை முடிந்து பூதம் வந்தாள். தினமும் ஒரு தகவல், தினமும் ஒரு ஆதாரம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் உஷாராக இருந்தாள்: தன் கையால் டீயோ பாலோ தண்ணீரோ அந்த அறைக்குள் கொண்டுபோவதில்லை. தம்பி மனைவி முன்கூட்டியே மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். பூதம் வெறுங்கையோடு ஏறுவாள்.

டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் பாராட்டவில்லை. "மாத்திரை உள்ள போகுது, சரி. ஆனா அந்தக் கதைக்கு நீங்க தினம் தீனி போடறீங்கம்மா. அது வளரும்."

வளர்ந்தது. ஆதாரத்தை விழுங்கியவளை எதிரிகள் சும்மா விடுவார்களா? அடுத்த வாரம் ஸ்பீக்கர் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு தண்ணீரையும். குழாயிலேயே கலந்துவிட்டார்களாம். பூதம் எத்தனை தகவல் கொண்டுபோனாலும், "உன்னையும் ஏமாத்திட்டாங்கடி. நீ அப்பாவி" என்று தலையை ஆட்டினாள். தான் ஊட்டி வளர்த்த கதை தன் கண்முன்னாலேயே அவளைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பூதத்துக்கு விளங்கியது. வேறு கதை சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

ஒரு நாள் மதியம் கடைக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, உடம்பு நெருப்பா கொதிக்குது. உடனே சேர்த்துடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். வர மாட்டேங்கறா. நான் தூக்கப் போனா கடிக்கிறா."

பூதம் கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். வாசலில் ஆஸ்பத்திரிக்குப் போக நிறுத்தியிருந்த காரின் கதவு திறந்தே கிடந்தது. மாடியில் ஸ்பீக்கர் கட்டிலின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அந்த உதட்டைப் பார்த்ததும் பூதத்துக்கு வேறு எதுவும் நினைவில் நிற்கவில்லை. இறங்கிப் போனாள். அடுப்பில் தம்பி மனைவி வைத்திருந்த டீயை ஒரு டம்ளரில் ஊற்றினாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறினாள்.

"கொஞ்சம், ஒரு வாய் மட்டும் குடிடி, ஸ்பீக்கர்" என்றாள்.

ஸ்பீக்கர் டம்ளரைப் பார்த்தாள். பிறகு அதைப் பிடித்திருந்த கைகளை. பிறகு முகத்தை. அப்போதுதான் பூதத்துக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று உறைத்தது.

"நீயா?"

"இல்லடி. ஸ்பீக்கர், இங்க பாரு..."

"இத்தனை நாளும் நீதானா?"

கண்ணாடியைக் கழற்றி வீசினாள். அது பூதத்தின் தோளில் பட்டு வாசல்படியில் விழுந்து கால் ஒடிந்தது. எங்கிருந்து அந்த பலம் வந்ததோ, அவளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டாள். டம்ளர் படியில் உருண்டுபோயிற்று.

தம்பி கடப்பாரையோடு வந்தான். "விலகுங்க அக்கா. உடைச்சிடறேன்."

"உடைச்சா அவ பயத்துலயே போயிடுவா தம்பி. ஒரே ஒரு தடவை. நான் பேசிப் பார்க்கறேன்."

"நீங்க பேசித்தானே இவ்வளவு தூரம் வந்துச்சு?"

அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. சொன்னபின் அவனே தலையைக் குனிந்துகொண்டான். பூதம் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. இனி எந்தத் தகவலும் செல்லாது, எந்த ஆதாரமும் செல்லாது. அந்தப் படத்தில் அவளுக்கு இனிமேல் வேஷம் கிடையாது.

"ஸ்பீக்கர்," என்றாள். "இது உன் படம் இல்லடி. என் படம்."

கதவோடு வாயை வைத்துத் தொடர்ந்தாள்.

"ஒரு பொம்பளை. சமையலறைல நிக்கிறா. வெளியே மழை வர்ற மாதிரி இருக்கு, ஆனா வரல. அவ ஒரு தட்டை எடுக்கறா. கழுவறா. திருப்பி வச்சுக் கழுவறா. யாரும் வரல. யாரும் அவளைத் துரத்தல. கதவு திறந்துதான் இருக்கு."

சொல்லிக்கொண்டே போனாள். தட்டை, டம்ளரை, கரண்டியை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். பின்னால் தம்பி கடப்பாரையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். சட்டியையும் கழுவி முடித்தாகிவிட்டது. கழுவ இனிப் பாத்திரமில்லை. மறுபடி முதல் தட்டிலிருந்து ஆரம்பித்தாள்.

உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு. பிறகு சலிப்போடு ஒரு குரல், உடைந்துபோய், கதவுக்கு மிகப் பக்கத்தில்:

"இடைவேளை எப்போடி?"

பூதம் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்ததும், "இப்பதான். விளக்குப் போட்டாச்சு, வா" என்றாள்.

தாழ்ப்பாள் விலகியது.

கார் வரைக்கும் ஸ்பீக்கர் தானாகவே நடந்தாள். "கூட்டமா இருக்கா வெளியே?" என்று ஒருமுறை கேட்டாள். "இல்ல, நாம மட்டும்தான்" என்றாள் பூதம், வாசலில் கூடியிருந்த தெருக்காரர்களைக் கையால் விலகச் சொல்லிக்கொண்டே. அவ்வளவு நல்ல பொய்யை அவள் அதற்குமுன் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் இடைவேளை முடிந்துவிட்டது. ஊசியைக் கண்டதும் ஸ்பீக்கர் திமிறினாள். இரண்டு நர்ஸுகள் பிடித்துக்கொள்ள, மணிக்கட்டைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். மருந்து இறங்க ஆரம்பித்தது. பூதம் தலைமாட்டில் நின்றாள். கண்ணாடி இல்லாத கண்கள் அவள் பக்கம் திரும்பின, ஒரு உருவம் நிற்கிறது என்ற அளவில் பார்த்தன, வெறுப்போடு விலகின. அழவில்லை, கத்தவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, சொல்லிச் சொல்லித் தழும்பேறிய அந்தப் பழைய குரலில், ஸ்பீக்கர் அறிவிக்கத் தொடங்கினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கண்ணாடிக் கடையிலிருந்து வந்த பூதம் என்பவர் எங்கிருந்தாலும் உடனடியாக விசாரணை அறைக்கு வரவும். உங்கள் தோழி உங்களுக்காகக் காத்திருக்கிறார்."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பூதம் என்பவர் எங்கிருந்தாலும்..."

தம்பி சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். "இங்கதான் இருக்கேன்டி" என்று சொல்லப் பூதம் வாயெடுத்தாள். சொல்லவில்லை. இங்கே நிற்பவள் டீ கொண்டு வந்தவள். அவள் சொல்வதை ஸ்பீக்கர் நம்பப் போவதில்லை. கைப்பையைத் தம்பியிடம் கொடுத்தாள். வாசல்படியிலிருந்து எடுத்த கால் ஒடிந்த கண்ணாடி அதற்குள்ளேதான் இருந்தது. சத்தமில்லாமல் வார்டைவிட்டு வெளியே போனாள். நடைபாதையில் சற்று நேரம் சுவரைப் பார்த்து நின்றாள். பிறகு செருப்புச் சத்தம் கேட்க வேகமாக நடந்து உள்ளே வந்தாள்.

"வந்துட்டேன் ஸ்பீக்கர். வண்டி லேட்டு."

"யாரு?"

"பூதம்."

"கையைக் காட்டு."

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவள் முகத்துக்கு அருகே நீட்டினாள். ஸ்பீக்கர் கட்டியிருந்த கையை முடிந்த மட்டும் தூக்கி, விரல் நுனியைத் தடவினாள். ரேகைக்குள் பொடி நெருடியது.

"கையக் கழுவவே மாட்டியாடி நீ?"

"மறந்துட்டேன்."

ஸ்பீக்கரின் தோள்கள் தளர்ந்தன. மருந்தில் கண் செருகிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்த விரலை விடாமல், பூதத்தைக் கிட்டே இழுத்துக் காதோடு சொன்னாள்: "அவ திரும்பி வருவாடி. டீ கொண்டு வந்தாளே, அவ. உள்ள விட்டுடாதே."

"விட மாட்டேன்" என்றாள் பூதம்.