மூன்றாவது பயணத்துக்கான பெற்றோல்

பெற்றோல் தட்டுப்பாடு வந்த வருடம் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்திருந்தன. இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்கு மூன்று தடவை மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குப் போக வேண்டும். பழுகாமத்திலிருந்து பஸ்ஸில் போய்வர அவளுக்குத் தெம்பில்லை. என்னிடம் பழைய கார் ஒன்று இருந்தது. கிழமைக்கு அளந்து தந்த பெற்றோலில் அது இரண்டு தடவைதான் போய்வந்தது. மூன்றாவது பயணத்துக்கு ஊரெல்லாம் கெஞ்சி, போத்தல் போத்தலாகச் சேர்ப்பேன்.

நான் வேகமாகக் கார் ஓடுகிறவள். முன்னால் பஸ் நின்றால் கிட்டப் போய்த்தான் பிரேக் பிடிப்பேன். அது நகர்ந்ததும் அக்சிலேட்டரில் ஒரே அழுத்து. ஒருநாள் சிகிச்சை முடிந்து திரும்பும்போது அக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"மெல்லமா ஓடு புள்ள. நீ பிரேக் அடிக்கக்குள்ள எனக்குத் தலை சுத்துது."

அன்று அவளுக்காகவே மெதுவாக ஓடினேன். வீட்டு வாசலில் பெற்றோல் முள் வழக்கத்தைவிட மேலே நின்றது. முள் பழுதென்று நினைத்தேன். அடுத்த தடவையும் அப்படியே ஓடிப் பார்த்தேன். அப்போதும் மேலேதான் நின்றது. இவ்வளவு நாளும் பெற்றோலைக் குடித்தது என் வலது கால்தான் என்று விளங்கியதும் எனக்கு அதை மிச்சம் பிடிக்கும் வெறி வந்துவிட்டது.

டிக்கியில் கிடந்த உர மூட்டையையும் பழைய இரும்புகளையும் இறக்கினேன். நான்கு சக்கரங்களுக்கும் சரியாகக் காற்றடித்தேன். காத்தான்குடிக் கடைத்தெருவில் சனம் கூடுமுன் கடந்துவிட வெள்ளெனப் புறப்பட்டோம். ஏசி போடவில்லை, வாவிக் காற்று போதும் என்றாள் அக்கா. தூரத்தில் பஸ் நிற்பது தெரிந்ததுமே காலை எடுத்துவிடுவேன். கார் தானாகவே வேகம் குறையும். அக்காவும் எனக்காகப் பாதையைப் பார்க்கத் தொடங்கினாள்.

"அங்க மாடு நிக்கிது, காலை எடு," என்பாள். எங்களை முந்திப்போனவர்கள் ஹோன் அடித்துப் பார்த்தார்கள். நாங்கள் அதற்கெல்லாம் அசையவில்லை.

அந்தக் கிழமை மூன்றாவது பயணத்துக்கு யாரிடமும் நான் கேட்கவில்லை. சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில் பெற்றோல் வரிசை வீதியோரமாக நீண்டு கிடந்தது. அதைக் கடந்து வந்தோம். முள் இன்னும் அடியைத் தொடவில்லை. செட்டிபாளையம் நெருங்கியபோது அக்கா எட்டி முள்ளைப் பார்த்தாள்.

"கடற்கரைக்குப் போக எண்ணெய் காணுமா?"

"ஓம் அக்கா, காணும். போய்வந்தும் மிஞ்சும்."

சிகிச்சை தொடங்கிய பிறகு ஆசுபத்திரியைத் தவிர அவள் எங்கும் போனதில்லை. கடற்கரைப் பக்கம் காரைத் திருப்பினேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு அலையில் இறங்கினாள்.