அடிமரம் முதலில், கொப்பு பிறகு

உதயகலாவின் விறகுக் கொட்டிலில் அடுக்கின் உயரம் அவளுடைய இடுப்பளவு இருந்தால் ஒன்பது நாளுக்குப் போதும். முழங்காலளவுக்கு இறங்கினால் நாலு நாள். ஐப்பசி பிறந்த அன்று காலை அவள் கொட்டிலுக்குள் போய் நின்றபோது அடுக்கு இடுப்புக்குச் சற்றுக் கீழே இருந்தது.

அவளுடைய வீடு கோப்பாயில். திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் தங்கும் இரண்டு வீடுகளுக்குத் தினமும் காலையில் இடியப்பம், சொதி, சம்பல் கொடுக்கிறாள். நாற்பது பேர். காஸ் வரிசை நீண்டு கிடந்த ஆண்டில் தொடங்கிய வேலை இது. பிறகு காஸ் தாராளமாக வந்தது, ஆனால் அந்த விலைக்கு இடியப்பம் அவித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே விறகு, அதுவும் சும்மா கிடைக்கிற விறகு. கணவன் ஜெயரூபன் வவுனியாவில் மேசன் வேலை செய்கிறான். மாதத்தில் ஒருமுறைதான் வருவான். விறகு சேர்ப்பதும் இழுப்பதும் கொத்துவதும் அவளுடைய வேலை.

போன வருடம் மழை பன்னிரண்டு நாள் விடாமல் பெய்தது. ஈர விறகு புகைந்ததே தவிர எரியவில்லை. இடியப்பம் வேகாமல் களியாகி நின்றது. அப்போது மூன்று வீடுகள் இருந்தன. மூன்றாவது வீட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் பட்டினியாகப் போன நாளோடு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த மழைக்கும் அப்படியானால் மற்ற இரண்டும் போய்விடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

விறகுக்கு அவள் காட்டுக்குப் போவதில்லை. கோப்பாயில் காடு இல்லை. வீட்டுக்காரருக்குப் பாரமாகக் கிடப்பதைத் தேடிப் போவாள். கரண்ட் கம்பிக்காக வெட்டித் தெருவோரம் போட்ட வேப்பங்கொப்பு, வேலியில் கதித்து வளர்ந்த பூவரசு, காற்றுக்கு விழுந்த தென்னை. சைக்கிள் கரியரில் குறுக்கே வைத்துக் கட்டினால் வழியில் வருகிறவர்கள் ஒதுங்குவார்கள். கொத்த அவளுக்கு ஒருவரும் பழக்கவில்லை. பதினாறு வயதில் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு கொட்டிலில் இருந்த ஆறு மாதம், வீட்டில் கோடாலி பிடிக்க வேறு ஆளில்லை. முதல் மாதம் மரத்தை அடித்தாள். இரண்டாம் மாதம் மரத்தைப் பார்த்தாள். எந்தக் கட்டையும் தான் வெடிக்கப் போகும் இடத்தைத் தன் முகத்தில் முன்பே காட்டிவிடும், அதற்கு எதிராக ஓங்கினால் தோள்தான் வெடிக்கும் என்று கண்டுகொண்டாள்.

அந்த வாரம் சிவசுப்பிரமணியத்தின் வீட்டு வளவில் பட்டுப்போய் ஒரு வருடம் நின்ற மாமரத்தைத் தறித்தார்கள். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கனடாவிலிருந்து தங்கையின் குடும்பம் வருகிறது, தங்கை மகளின் கலியாணம் இந்த வளவில்தான். பந்தலுக்கு நிலம் மட்டப்படுத்தத் திங்கட்கிழமை காலை மெஷின் வர இருந்தது.

பட்ட மரம் என்றால் பாதி காய்ந்த விறகு. ஒழுங்காக அடுக்கினால் தை மாதம் வரை தாங்கும். உதயகலா செய்தி கேட்ட வியாழக்கிழமை பின்னேரமே சைக்கிளில் போய் இறங்கினாள்.

“மரம் சும்மா தாறன்” என்றார் சிவசுப்பிரமணியம். “ஆனா முதல்ல அடிமரம் போகவேணும். பிறகுதான் கொப்பு.”

“கொப்பை முதல் எடுத்தா இடம் வெளிக்குமெல்லே, ஐயா?”

“இடம் வெளிக்கும். எடுக்கிறவைக்கு வீட்டு நினைப்பும் வந்திடும். முந்தித் தேவராசா புளியங்கொப்பெல்லாம் கொண்டு போனான். அடிக்கட்டை ரெண்டு வரியம் கிணத்தடியில கிடந்தது. பாம்பு குடியிருந்தது. நான் வாடகை கூட வாங்கேல்லை.”

“நான் தேவராசா இல்லை, ஐயா.”

“அவனும் உப்பிடித்தான் சொன்னவன். ஞாயிறு பொழுதுபட முதல் அடிமரம் போகாட்டி, திங்கள் மெஷின் எல்லாத்தையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்க் குப்பைக் கிடங்கில கொட்டும். கொப்பும் சேர்ந்துதான்.”

மரத்தைத் தறித்த எமில்ராஜ் படலையடியில் தன் வாள் மெஷினைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். குருநகர்ப் பெடியன். ஊர் முழுக்க மரம் தறிக்கிறவன். கொப்புகளை வெட்டி ஒரு பக்கம் குவித்துவிட்டு, எட்டடி நீள அடிமரத்தைத் துண்டு போடத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தியிருந்தான்.

“அக்கா, உதுக்குள்ள இரும்பு கிடக்கு” என்று மெஷினின் பல்லுச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினான். “பாருங்கோ, பல்லுப் போன கிழவன் மாதிரி.”

“மற்றப் பக்கத்தால வெட்டிப் பாரன், தம்பி.”

“மற்றப் பக்கத்தில இல்லையெண்டு ஆர் சொன்னது? ஞாயிறு பூசை முடிய லான்ட்மாஸ்டரோட வாறன். கொத்தி வைச்சியளெண்டா ஏத்தித் தாறன். இல்லையெண்டா ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போறன்.”

இரும்பு என்று அவன் சொன்னது செல்துண்டுகளை, எறிகணை வெடித்துச் சிதறிய இரும்பை. சண்டைக் காலத்தில் நின்ற மரங்கள் பலவற்றுக்குள் அவை கிடக்கின்றன. காயத்தின் மேல் பட்டை மூடி, அதன் மேல் முப்பது வருடம் மரம் வளர்ந்து, வெளியில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் மரக்காலைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் பலகைக்கு வேண்டாம் என்று போனார்கள். அதனால்தான் மரம் சும்மா கிடைத்தது.

கொத்துகிறவளுக்கும் அது லேசான விஷயம் இல்லை. அவளிடம் ஒரு கோடாலி, இரண்டு இரும்பு ஆப்பு, ஒரு சம்மட்டி, நெம்ப ஒரு அலவாங்கு. கோடாலி வாய் உடைந்தால் தீட்டி எடுக்க அரை நாள் போகும். துண்டுகள் எந்தப் பக்கம் கிடக்கின்றன என்று முதலில் தெரியவேண்டும். தெரிந்தால் அந்தப் பக்கத்தைத் தொடாமல் மற்றதைப் பிளக்கலாம்.

வெள்ளிக்கிழமை இடியப்பம் கொடுத்து முடித்து ஒன்பது மணிக்கு வந்தாள். அடிமரம் விழுந்தபின் உருண்டிருந்தது. நிலத்தில் நின்ற அடிக்குற்றியின் முகத்தையும் மரத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, கோணலாக வெட்டுப்பட்ட இடம் இரண்டிலும் பொருந்தும்படி மனதுக்குள் மரத்தை மறுபடி நிமிர்த்தினாள். வடக்கு எது, தெற்கு எது என்று கரிக்கட்டியால் அடையாளம் போட்டாள்.

வடக்குப் பக்கத்தைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தாள். கோப்பாயில் வளர்ந்தவர்களுக்கு வெயில் கிழக்கிலிருந்து வருவது போல, செல் வடக்கே இருந்த ராணுவ முகாமிலிருந்து வருவது. வடக்குச் சுவரோரம் படுக்காமல் வளர்ந்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. அதைப்பற்றி யோசிக்க ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

தெற்குப் பக்கத்து வெடிப்பில் ஆப்பை வைத்து இறக்கினாள். மரம் மெதுவாகக் கிறீச்சிட்டுக் கைவிரல் அகலத்துக்கு வாய் திறந்தது. உள்ளே நார்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றை அறுக்கக் கோடாலியை வெடிப்புக்குள் இறக்கினாள். கணீரென்று சத்தம் கேட்டது. தோள் வரை அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தாள். கோடாலி வாயில் சின்னவிரல் நகமளவு துண்டு போயிருந்தது.

அன்று அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆப்பு அங்கேயே இறுகிக் கிடந்தது. வீட்டுக்குப் போய் அரத்தால் தீட்டி, கல்லில் தேய்த்து, வாயை மறுபடி கொண்டுவரப் பொழுது சாய்ந்துவிட்டது. கொட்டிலில் அடுக்கு முழங்காலைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. பின்னேரம் வடகிழக்கில் மின்னலும் தெரிந்தது.

சனிக்கிழமை அவள் வந்து கோடாலியைத் தொடாமல் மரத்தின் முன்னால் குந்தியிருந்தாள். சிவசுப்பிரமணியம் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார்.

“என்ன பிள்ளை, மரத்தோட கதைக்கிறியோ?”

“அது பதில் சொல்லுதில்லை, ஐயா. இரும்பு வடக்குப் பக்கம் எண்டு நினைச்சுத் தெற்கைப் பிளந்தன். தெற்கில கிடக்கு.”

“தெற்கிலதானே கிடக்கும்.”

உதயகலா நிமிர்ந்து பார்த்தாள். அவர் சும்மா சொன்னது போல நின்றார்.

“செல் வடக்கில இருந்துதான் வந்தது” என்றார். “ஆனா மரத்தைத் தாண்டி வந்து குசினியில விழுந்தது. அந்தா, இப்ப துளசி நிக்கிற இடம். அதுதான் பழைய குசினி. அங்க வெடிச்சுத்தான் இங்க பறந்தது.”

“ஐயா, வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாமே.”

“நீ கேக்கேல்லையே, பிள்ளை.”

அவள் எழுந்து துளசியையும் அடிக்குற்றியையும் பார்த்தாள். செல் எங்கிருந்து வந்தது என்பது மரத்துக்கு ஒரு கணக்கே இல்லை. எங்கே விழுந்தது என்பதுதான் கணக்கு. கிட்டத்தட்ட முப்பது வருடமாகக் கோடாலி பிடித்த தனக்கு இது ஏன் பிடிபடவில்லை என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“அப்ப நீங்கள் எல்லாரும் எங்க இருந்தனீங்கள்?”

“மரத்துக்கு இஞ்சாலை. இந்தக் கிணத்துப் பக்கம் பங்கர். நானும் அம்மாவும் தங்கச்சியும். அவளுக்கு அப்ப பன்னிரண்டு வயசு. அவள்தான் இப்ப வாறாள்.” தேத்தண்ணியை அவளிடம் நீட்டினார். “ஆறவிடாமக் குடி.”

கோப்பையை வைத்துவிட்டு அவள் கொடிக்கயிறு ஒன்று கேட்டாள். ஒரு நுனியைத் துளசியடியில் அவரைப் பிடிக்கச் சொன்னாள். மறு நுனியை அடிக்குற்றியின் நடுவில் பிடித்தாள்.

“இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், ஐயா. குசினிக்கு மற்ற மூலை எது?”

“இது வாசல். அது அடுப்படி. செல் விழுந்தது அடுப்படியில. சோறு அடுப்பில இருந்தது, அதுவும் போச்சு.”

அடுப்படியிலிருந்து கயிறு வந்த திசையைக் குற்றியில் கோடாகப் போட்டு, அதே கோட்டை மரத்தின் முகத்துக்கு மாற்றினாள். அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் சேர்த்து மரத்தின் கால்வாசி. இரும்பு இருந்தால் அதற்குள்தான் இருக்கவேண்டும். மற்ற முக்கால்வாசியில் இருக்க முடியாது, ஏனென்றால் மரத்தை ஊடறுத்து எந்தத் துண்டும் வெளியே வரவில்லை. அதற்குச் சாட்சி, அன்று மரத்தின் பின்னால் காயமில்லாமல் தப்பி, எதிரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிறகு நடந்தது நேரம் எடுத்த வேலைதான், சிக்கலான வேலை இல்லை. அலவாங்கால் மரத்தைப் புரட்டினாள். மரத்தின் நடு நெஞ்சிலிருந்து வடக்கே ஓடிய வெடிப்பில் மற்ற ஆப்பை வைத்தாள். சம்மட்டியை உயரத் தூக்கவில்லை. அதன் பாரம் போதும், விழும் இடம் பிசகாதிருந்தால் சரி. அடிக்கு அடி சத்தம் மாறிவந்தது. சத்தம் தடித்தபோது நிறுத்திக் காத்திருந்தாள். மரம் தன்பாட்டில் இன்னும் கொஞ்சம் திறந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அது நீளத்துக்குப் பிரிந்து விழுந்தது. உள்முகம் சுத்தமாக வெளிறிக் கிடந்தது.

“கறுப்பு இல்லை” என்று அவர் குனிந்து பார்த்தார்.

“இரும்பு நிண்டா மரம் மை ஊத்தினது மாதிரிக் கறுக்கும், ஐயா. இதில இல்லை.”

ஞாயிறு காலை அந்த முக்கால்வாசியும் அடுப்பு விறகாகிவிட்டது. இறுகிக் கிடந்த ஆப்பும் கழன்றது. மிச்சம் தெற்குக் கால்வாசி மட்டும், எட்டடி நீளத்தில், கரும்புள்ளிகளோடு ஒரே துண்டாகக் கிடந்தது. பிளக்க முடியாதது, தூக்கவும் முடியாதது.

எமில்ராஜ் பதினொரு மணிக்கு லான்ட்மாஸ்டரை, இழுவைப் பெட்டி பூட்டிய சின்ன உழவு இயந்திரத்தை, உள்ளே விட்டான். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டைக் கழற்றிக் கைபிடியில் கொழுவினான். குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்தான்.

“அக்கா, எனக்கு இண்டைக்குப் பிளேன்ரீ இல்லைப் போல.”

“ஏத்திப்போட்டுக் குடி.”

“இந்தப் பெரிசு?”

“அடிமரம் முழுக்கப் போகவேணும் எண்டு ஐயாவின்ரை கட்டளை. உதுவும் அடிமரம்தானே.”

சிவசுப்பிரமணியம் அந்தத் துண்டின் மேல் கையை வைத்தபடி நின்றார். ஒரு கரும்புள்ளியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கையை எடுத்து, வேட்டியை மடித்துக் கட்டினார்.

“நானும் ஒரு பக்கம் பிடிக்கிறன்” என்றார்.

“நீங்கள் விடுங்கோ, ஐயா. கலியாண வீட்டில நாரிப்பிடிப்போட நிக்கப் போறியள்.”

மூவருமாக அலவாங்கைக் கொடுத்து நெம்பி, கட்டை போட்டு உருட்டி, பெட்டிக்குள் ஏற்றினார்கள். பெட்டி பின்னால் பணிந்தது. இரண்டாவது பயணத்துக்கு எமில்ராஜ் திரும்பியபோது சிவசுப்பிரமணியம் கொப்புக் குவியலுக்குள் நின்று கத்தியால் சுள்ளி கழித்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாக்கிறியள்? அடிமரம் போச்சுத்தானே. கொப்பை அள்ளுங்கோ” என்றார்.

பொழுதுபட முதல் வளவு வெறுமையானது. திங்கள் மெஷின் வந்து குற்றியையும் கிளப்பிக்கொண்டு போனது. மழை புதன்கிழமை பிடித்தது.

உதயகலா அந்த எட்டடித் துண்டைக் கொட்டிலின் நிலத்தில் நீளத்துக்குக் கிடத்தி, பக்கத்தில் இரண்டு தென்னங்குற்றிகளைப் போட்டு, அதன் மேல்தான் விறகை அடுக்கியிருந்தாள். முற்றத்து வெள்ளம் கொட்டிலுக்குள் வந்து அடுக்கின் கீழால் ஓடி மறுபக்கம் போனது. விறகைத் தொடவில்லை. அவள் நாலு மணிக்கு எழும்பி, மேலிருந்து ஒரு கை விறகு எடுத்து அடுப்பில் வைத்தாள். புகையில்லாமல் பிடித்தது. ஆறரை மணிக்கு இரண்டு பெட்டி இடியப்பத்தையும் பொலித்தீனால் மூடிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மழைக்கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, திருநெல்வேலிப் பக்கம் மிதித்தாள்.