பக்கத்து நாற்காலியில் இருந்தவள்

மலாயாவில், பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த போட்டோக் கடையில், கணவனையும் மனைவியையும் சேர்த்து வைப்பதுதான் எனக்கு வேலை. இப்படிச் சொன்னால் ஏதோ பஞ்சாயத்து என்று நினைப்பீர்கள். அதுவல்ல. புருஷன் இங்கே ரயில்வேயில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருப்பான், பெண்டாட்டி கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பாள். ஊரிலிருந்து வந்த அவளுடைய படத்தை அவன் கசங்காமல் எடுத்துக்கொண்டு கடைக்கு வருவான். அவனை நாங்கள் தனியாக ஒரு படம் பிடிப்போம். பிறகு நான் இரண்டு பேரையும் கத்தரித்து எடுத்து, ஓர் அட்டையில் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார வைத்து ஒட்டி, பின்னால் ஒரு தூணும் பூந்தொட்டியும் வரைந்து, ஒட்டிய இடத்தை மையால் பூசி மறைப்பேன். அந்த அட்டையை மறுபடி போட்டோ பிடித்தால் போதும். பத்து வருஷமாக முகம் பார்க்காதவர்கள் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒட்டு எங்கே இருக்கிறது என்று ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். கடை முதலாளி ஒரு சீனர், எங்கள் வாயில் தவுக்கே. அவரே பூதக்கண்ணாடியை வைத்துத் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

முகத்தைச் சரிசெய்வதும் என் வேலைதான். அம்மைத் தழும்பு, வெட்டுக்காயம், கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் கூரான பென்சிலால் நெகட்டிவின் மேல் புள்ளி புள்ளியாக வைத்து நிரப்பிவிடுவேன். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த ஒருவர் என் காதருகே வந்து, "அண்ணே, என் வீட்டுக்காரியைக் கொஞ்சம் வெள்ளையாப் போடுங்கண்ணே. சொந்தக்காரங்க எல்லாம் பார்ப்பாங்க" என்றார். அவர் மட்டுமல்ல, வந்தவர்கள் அத்தனை பேரும் அதையேதான் கேட்டார்கள். நானும் போட்டுக்கொடுத்தேன். மெழுகியது போன்ற கன்னம், கொஞ்சம் பெரிய கண், இருக்கிற நிறத்தைவிட நாலு மடங்கு வெளுப்பு. யாரும் குறை சொன்னதில்லை.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாருக்கும் சொல்லவில்லை. உள்ளூரில் அச்சாகிவந்த ஒரு வாரப் பத்திரிகைக்குப் புனைபெயரில் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒருத்தியைப் பற்றியதுதான். கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகாமல் நான் ஊரில் விட்டுவிட்டு வந்த என் மனைவியைப் பற்றி. சிரிக்கும்போது முந்தானையை எடுத்து மோவாயை மூடிக்கொள்வாள். அந்த ஒரு பழக்கத்தை வைத்தே பத்துப் பதினைந்து பாட்டு எழுதியிருப்பேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவளுக்கு அனுப்பவுமில்லை.

நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையில் அந்தப் பத்திரிகையை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பார்கள். ஒரு நாள் முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். கத்தி என் தொண்டையில் இருக்கிறது, பக்கத்தில் ஒருவர் என் கவிதையைப் படிக்கிறார். நாவிதர் கத்தியை எடுக்காமலே சொன்னார்.

"இந்த ஆளு பொண்டாட்டி கொடுத்து வெச்சவ லா. நம்ம ஆளுங்க எவன் இப்படி உருகுறான்? உங்களுக்குக் குடும்பம் எங்கண்ணே?"

"ஊருல."

"கூட்டிக்கிட்டு வரலையா?"

"பார்க்கலாம்" என்றேன். வேறென்ன சொல்ல? நான்தான் அந்த ஆள் என்று சொல்லியிருந்தால், உருகுகிற ஆள் ஏன் இத்தனை வருஷம் விட்டுவைத்தான் என்று கேட்டிருப்பார். கடையின் பின்கட்டில் நாலு பேரோடு பாய் விரித்துப் படுக்கிறவன் பெண்டாட்டியை எங்கே வைப்பது?

தைப்பூசத்துக்குப் பத்துமலை அடிவாரத்தில் எங்கள் கடை கொட்டகை போடும். நான் வரைந்த தூணும் பூந்தொட்டியும் திரையாகத் தொங்கும். குடும்பம் குடும்பமாக வந்து அதன் முன்னால் நிற்பார்கள். குழந்தையின் தலையை நேராக நிமிர்த்துவேன், பெண்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வேன். எல்லாரும் போன பிறகு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பேன். அத்தனை கூட்டத்தில் என்னைத் தேடுகிற ஒரு ஆள் கிடையாது. வருஷத்தில் மற்ற நாட்களைச் சமாளித்துவிடுவேன், அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு ஆகாது.

ஒன்பதாவது வருஷம் தவுக்கே கடைக்கு மேலே இருந்த அறையை எனக்கு ஒழித்துக்கொடுத்தார். அன்றைக்கே ஊருக்கு எழுதினேன், கப்பலுக்கு ஏற்பாடு செய்கிறேன், அவளை அனுப்பி வையுங்கள் என்று. பதிலை அவளுடைய அண்ணன் எழுதியிருந்தார். ஓர் ஆண்பிள்ளை ஒன்பது வருஷம் தனியாக இருந்தார் என்பதை இங்கே யாரும் நம்பத் தயாராக இல்லை, தங்கையும் யோசிக்கிறாள், கடல் தாண்டி வந்து இன்னொருத்தியோடு பங்கு போட அவளால் ஆகாது என்று நேராகவே எழுதிவிட்டார்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. நானா? பிறகு கோபம் அடங்கியதும் ஒரு யோசனை தோன்றியது. ஊர் ஜனத்தின் பெண்டாட்டிகளை எல்லாம் பக்கத்தில் உட்கார வைத்தவன், என் பெண்டாட்டியை உட்கார வைக்க மாட்டேனா? இந்த ஒன்பது வருஷமும் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நீதான் என்று காட்டிவிட்டால் அவள் கிளம்பி வந்துவிடுவாள் என்று நம்பினேன்.

அவளுடைய படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. அவள் வாழ்நாளில் படமே எடுத்துக்கொண்டதில்லை. அதனால் என்ன, மனதில் இருக்கிறாளே என்று, இரண்டு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்தேன். பென்சிலும் மையும் வைத்து, போட்டோவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாதபடி வரைந்தேன். என் படத்தைப் பக்கத்தில் ஒட்டினேன். மலாயாவில் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்தான். வரைந்துகொண்டே அவளோடு பேசிக்கூட இருந்திருக்கிறேன்.

பிரதி எடுத்துக் காயப்போட்டிருந்ததைத் தவுக்கே பார்த்தார். "உன் பொண்டாட்டி எப்போ வந்தா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"வரல, தவுக்கே. நான் வரைஞ்சது."

அவர் பூதக்கண்ணாடியை எடுக்கப் போனார். நான் சிரித்தேன். படத்தோடு வைத்த கடிதத்தில் அதிகம் எழுதவில்லை. எழுதினால் படத்தின் அழகு கெட்டுவிடும் என்று ஒரு கர்வம். படத்தைப் பார், மற்றது உனக்கே புரியும் என்று மட்டும் எழுதினேன்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் அறைக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் இரண்டாவது தலையணையும் வாங்கினேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கடிதம் வந்தது. அண்ணன்தான் எழுதியிருந்தார்.

"மாப்பிள்ளை அவர்களுக்கு. படம் கிடைத்தது. பக்கத்தில் இருப்பவள் நல்ல சிவப்பாக, லட்சணமாக இருக்கிறாள். இதை முன்பே ஒரு வரி எழுதியிருந்தால் என் தங்கை இத்தனை வருஷம் காத்திருந்திருக்க மாட்டாள். உங்கள் நல்ல மனதுக்கு, இப்போதாவது தெரிவித்தீர்கள். அவள் இனி அங்கே வருவதாக இல்லை."

முதலில் சிரிப்பு வந்தது. என்ன முட்டாள்தனம் இது, சொந்தத் தங்கையை அடையாளம் தெரியவில்லையா இவருக்கு என்று. கீழே இறங்கிப்போய்ப் படத்தின் இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு, கடைச் சுவரில் மாதிரிக்கு மாட்டியிருந்த படங்களுக்கு முன்னால் நின்றேன். கிள்ளான்காரரின் மனைவி, கங்காணியின் மனைவி, ரயில்வே குமாஸ்தாவின் மனைவி. என் கையில் இருந்தவளும் அவர்களில் ஒருத்தியாகத்தான் இருந்தாள். அதே கன்னம், அதே கண், அதே வெளுப்பு.

என் மனைவி நல்ல கறுப்பு. சிறுவயதில் அம்மை போட்டு மோவாயிலும் இடது கன்னத்திலும் தழும்பு உண்டு. சிரிக்கும்போது அவள் முந்தானையால் மூடிக்கொண்டது அதைத்தான். மூடிக்கொண்டது நினைவிருந்தது, பாட்டுப் பாட்டாக எழுதினேன். எதை மூடினாள் என்பது மறந்துபோயிருந்தது. கை பழக்கத்தில் விட்டுவிட்டதா, மனதிலிருந்தே போய்விட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பழக்கம்தான் என்று சொல்லிக்கொண்டால் தூக்கம் வருகிறது.

மறுபடி வரைய உட்கார்ந்தேன். தழும்பு எத்தனை, எங்கெங்கே என்று தெரியவில்லை. தோன்றிய இடத்தில் வைத்துப் பார்த்தேன், வேறு யாரோ ஒருத்திக்கு அம்மை வந்தது மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன். கடைசியில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். இங்கே யாரும் இல்லை, படத்தில் இருப்பவள் வேறு யாருமில்லை, உன்னை நினைத்து நான்தான் வரைந்தேன், சத்தியமாக நம்பு என்று. அவளுக்கு அப்படி எழுதியதுதான் முதல் தடவை. கவிதையில் எழுதியதில் பாதியைக் கடிதத்தில் எழுதியிருந்தால் போதும் என்று அப்போது உறைத்தது. அறிவு எனக்கு எப்போதும் ஒரு கப்பல் தாமதமாகத்தான் வரும்.

இந்தத் தடவை உறை கொஞ்சம் தடிமனாக இருந்தது. உள்ளே இருந்த கடிதம் மூன்றே வரி. தங்கை சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன் என்று அண்ணன் ஆரம்பித்திருந்தார்.

"வரைஞ்சது நெசம்னா, மறந்ததும் நெசந்தானே. மறந்துட்ட ஆளுகிட்ட வந்து, நான்தான் ஒம் பொண்டாட்டின்னு சொல்லிக்கிட்டு நிக்க என்னால ஆவாது."

கடிதத்தோடு படமும் இருந்தது, பாதி மட்டும். பூந்தொட்டியும், நாற்காலியும், அந்தச் சிவந்த பெண்ணும். தவுக்கே பூதக்கண்ணாடி வைத்தும் காணாத ஒட்டின் மேலேயே கத்தரி பிசகாமல் போயிருந்தது. நான் உறையைக் கவிழ்த்துத் தட்டினேன். விரலை விட்டும் துழாவிப் பார்த்தேன். என் பாதியை அவள் திருப்பி அனுப்பவில்லை.