சர்வேயர் தின்ற வெல்லம்

மின்கம்பம் நடப் பாதை அளக்கிறவனுக்கு ஊர் ஊராகச் சோறு கிடைக்கும், ஆனால் ஒருநாளும் நேரத்துக்குக் கிடைக்காது. மற்ற சர்வேயர்களுக்கு அது வெறும் பசி. எனக்கோ உயிர்ப் பிரச்சினை. ஏனென்றால், சர்க்கரை வியாதிச் சகோதரர்களே, நானும் உங்கள் கட்சிதான். காலையில் இன்சுலின் ஊசி, அரை மணியில் பலகாரம், நடுவில் ஏதாவது கொறிக்க, மத்தியானம் வேளை தப்பாமல் சாப்பாடு. தப்பினால் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண்ணை இருட்டிக்கொண்டு வரும். உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு மின்சாரம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஊசி ஆரம்பித்தபின் எனக்கு அதுதான் முதல் வெளியூர் முகாம். எங்கள் இன்ஜினியர் நல்ல மனிதர், ஆனால் கறார். "வயல்ல ஒரு தடவை நீ மயங்கினேன்னு என் காதுல விழட்டும், உன்னை ஆபீஸ் மேஜைக்கு மாத்திடுவேன்" என்று சொல்லித்தான் அனுப்பினார். மேஜை வேலை எனக்கு ஆகவே ஆகாது. நாலு சுவருக்குள் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். ஊர் பார்க்க வேண்டும், மனிதர்களைப் பார்க்க வேண்டும், எந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்தாக வேண்டும். அப்படி ஒரு பிறவி. அதனால் என்ன ஆனாலும் மயங்கக் கூடாது என்ற ஒரே வைராக்கியத்தோடு கிளம்பினேன்.

லாட்ஜில் காய்ச்சியது

சுங்குவார்சத்திரத்தில் ஒரு சின்ன லாட்ஜில் அறை எடுத்தேன். விரலைக் குத்தி ரத்தம் பார்க்கிற கருவியெல்லாம் அப்போது நம் கைக்கு வரவில்லை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்ல சேதி. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் தொலைந்தோம். வீட்டில் எனக்கு எப்போதும் மஞ்சள்தான். இங்கே வரப்பு வரப்பாக நடந்த மறுநாளே நீலம்! அதே ஊசி, அதே சோறு, நடை மட்டும்தான் புதிது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தினமும் காலையில் பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி குழாயைத் தூக்கிப் பார்ப்பேன்.

மதுவிலக்கு இருந்த சமயம். ஸ்பிரிட் வாசனை வராந்தாவுக்குப் போனதும் லாட்ஜ்காரர் கதவைத் தட்டிவிட்டார். விளக்கைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், "இன்னா சார் காச்சறே?" என்றார் கடுகடுவென்று. உள்ளதைச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டல். கையில் ஒரு பழைய மருந்து பாட்டில், அதன்மேல் துண்டு. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கோச்சுக்காத சார், என்னுதையும் கொஞ்சம் காச்சிப் பாரேன்."

இட்லி வேகவில்லை

முதல் நாள் காலையிலேயே மாட்டிக்கொண்டதைச் சொல்லவில்லையே! லாட்ஜில் ஊசியைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். மழையில் விறகு நனைந்து அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. இட்லிப் பானையில் ஆவியைக் காணோம். "சீக்கிரம் ஆகட்டும்பா, ஊசி போட்டுட்டேன்" என்றேன். "ஐயையோ, நாய் கடிச்சிட்ச்சா சார்?" என்று கடைக்காரர் பதறினார். சர்க்கரை வியாதி என்று விளக்கினேன். மனுஷனுக்கு மனசு இளகிவிட்டது. தன் கையாலேயே சர்க்கரை இல்லாமல் ஒரு டீ ஆற்றிக் கொடுத்தார். அந்த நிமிஷத்தில் எனக்கு வேண்டியதே அந்தச் சர்க்கரைதான்! பையில் இருந்த குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து ஊசியையும் மருந்தையும் கடைக்கே கொண்டுபோனேன். பானையில் ஆவி கிளம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பின்பக்கம் போய்ப் போட்டுக்கொள்வேன். கடைக்காரருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "ஊசி போட்டா ஒடம்பு சரியாவும், கேட்டுக்கீறேன். உனக்கு இன்னா சார், ஊசி போட்டா பசி வருது!"

எனக்காகத் தின்றவர்

அளவுச் சங்கிலி பிடிக்க என்னோடு வந்தவர் ஆரோக்கியசாமி. அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர், என்னைவிட மூத்தவர். வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டார். இனிப்புக்கு எந்தக் கிழமையும் தடையில்லை. அது எங்கள் இருவருக்கும் வசதியாகப் போயிற்று. ஏனென்றால் போன ஊரிலெல்லாம் ஒரு நம்பிக்கை: அளக்க வந்தவர் வாயில் இனிப்புப் பட்டுவிட்டால் கம்பம் அந்த வீட்டு நிலத்துக்குள் வராதாம். வல்லக்கோட்டையில் கோயில் சர்க்கரைப் பொங்கல், அடுத்த ஊரில் கலர் சோடா, அதற்கடுத்த ஊரில் அதிரசம். வேண்டாம் என்றால் முகம் செத்துவிடும். "அப்போ எங்க நெலத்துலதானா?" என்பார்கள். வியாதி என்றாலும் நம்பமாட்டார்கள். இந்த வெயிலில் இப்படி நடக்கிற ஆளுக்கு வியாதியாவது!

கடைசியில் ஆரோக்கியசாமிதான் வழி செய்தார். "சார் வாயி வேற, நம்ம வாயி வேறயா?" என்று தட்டை வாங்கிக்கொள்வார். வீட்டுக்காரர்களும் அரைமனதாக ஒத்துக்கொள்வார்கள். நான் பக்கத்தில் நின்று, அதிரசத்தில் ஏலக்காய் போட்டிருக்கிறதா, பாகு பதம் எப்படி என்று அவரைத் துருவித் துருவிக் கேட்பேன். வேறென்ன செய்வது, காதால்தான் தின்றாக வேண்டும். நாலைந்து நாளில் மனுஷன் இடுப்பு வேட்டியைத் தளர்த்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "சார், இன்னும் ரெண்டு ஊரு அளந்தா உங்க வியாதி எனக்கு வந்துடும் போலக்கீது."

பிள்ளைப்பாக்கத்தில்

பிள்ளைப்பாக்கத்தில் கோதண்டம் என்று ஒரு விவசாயி. காலையில் கலர் உடைத்து நீட்டினார். ஆரோக்கியசாமி சங்கிலியின் மறுமுனையில் தூரத்தில் நின்றார். வேறு வழியில்லாமல் வேண்டாம் என்றேன். கோதண்டம் பாட்டிலோடு திரும்பிப் போய்விட்டார். மத்தியானம் அவர் வேர்க்கடலை நிலத்துக்குள் நாங்கள் கால் வைத்ததும் குறுக்கே வந்து நின்றார். "காலையிலயே தெரியும் சார் உன் எண்ணம்!" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பாதை நேராகத்தான் போக வேண்டும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். எங்கள் சாப்பாடு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. வேளை தப்பியது. வேர்த்தது. நட்ட முளைக்குச்சி எனக்கு இரண்டாகத் தெரிந்தது.

"ஆரோக்கியம், பையில குளுக்கோஸ் பொட்டலம் இருக்கு, எடுங்க" என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ சார், நீங்க இனிப்பே தொடக்கூடாதே! மறந்து வாயில போட்டுக்கப் போறீங்கன்னு அத்தயும் நான்தான் துன்னுட்டேன்!" பாவம், அவருக்குத் தெரிந்த அக்கறை அதுதான். நான் வரப்பில் சரிந்து உட்கார்ந்தேன். மேஜை கண்முன் வந்து நின்றது. கத்திக்கொண்டிருந்த கோதண்டம் என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடினார். "ஏதாவது இனிப்பு" என்று நான் முனகியதும் வீட்டுக்கு ஓடி வெல்லக் கட்டியோடு வந்து, "வாயத் தொற சார்" என்று தானே ஊட்டினார். மயக்கம் வருவதற்குள் தெளிந்துவிட்டேன். பிறகு அவர் வீட்டிலேயே சாம்பார் சாதம். சத்தியமாகச் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். கோதண்டம் முகமெல்லாம் மலர முன்னால் ஓடினார். "சார் எங்கூட்டு வெல்லத்தைத் துன்ட்டாரு, எங்க நெலத்துல கம்பம் வராது!" இன்ஜினியர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னய்யா, வெல்லத்துக்குப் பாதையைத் திருப்பிட்டியா?" ஏன் தின்றேன் என்று சொன்னால் மேஜை. சொல்லாவிட்டால் லஞ்சம் வாங்கியவன். வெல்லத்தைப் பற்றி வாயே திறக்காமல் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். பாதை நூல் பிடித்த மாதிரி நேர். கம்பம் கோதண்டத்தின் கடலைக்கு நட்ட நடுவில். இன்ஜினியர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். கோதண்டம் வரைபடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் பக்கம் கையை நீட்டினார்: "மயங்கி வுழ இருந்த ஆள வெல்லம் ஊட்டி எழுப்பி வுட்டேனே, எங்க நெலத்துலயே நட்டுட்டியே சார்!"

அது இன்ஜினியர் காதிலும் விழுந்தது. கம்பம் கோதண்டம் நிலத்தில் ஏறியது, நான் ஆபீஸ் மேஜைக்கு மாறினேன். ஆகவே சகோதரர்களே, நம் ஜாதகத்தில் இனிப்பை மறுத்தாலும் வம்பு, தின்றாலும் வம்பு, ஆனால் கோதண்டத்தின் கையால் தின்ற அந்த ஒரு கட்டிக்காக இன்னொரு மேஜைக்கும் போகலாம்.