கண்ணாடிக்குப் போன காற்று

அந்த பிக்கப் வண்டியில் காற்று இடம் மாறி வந்ததை முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வைத்திருந்த என் முதலாளி ஏலத்தில் எடுத்த பழைய வெளிநாட்டுப் பெட்ரோல் வண்டி அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏசி வைத்த சரக்கு வண்டி என்றால் எங்கள் ஊரே எட்டிப் பார்க்கும். நான்தான் டிரைவர், நான்தான் மெக்கானிக். வண்டி நிற்கும்போது டேஷ்போர்டு ஓட்டைகளிலிருந்து முகத்தில் ஜில்லென்று அடிக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்தக் காற்று மேலேறி முன்கண்ணாடிக்குப் போய்விடும். ஓடுகிற வண்டிதானே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம் என் அக்காவுக்கு இளைப்பு முற்றிவிட்டது. அதே கம்பெனியில் அவள் அச்சு வார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், என் மாமா, திட்டக்குடிக்கு வேலையாகப் போயிருந்தார். ஆளுக்குக் காத்திருக்க நேரமில்லை. அவளை முன்சீட்டில் உட்கார வைத்துக் கடலூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். ஜன்னலை இறக்கினால் அனலும் புழுதியும் அடித்து இருமல் கூடியது. ஏற்றிவிட்டேன். டேஷ்போர்டு ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு, "தம்பி, காத்து வரலடா" என்றாள். நான் இன்னும் அழுத்தி மிதித்தேன். மறுபடியும் அதையே சொன்னாள். வடலூர் தாண்டியதும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அக்காவின் காரியம் முடிந்து திரும்ப வண்டி எடுத்தபோது டேஷ்போர்டுக்குள் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. முன்பும் இருந்திருக்கும், நான் கவனித்ததில்லை. இப்போது அது அவள் மூச்சு இழுப்பது மாதிரியே இருந்தது. காலி சீட்டுப் பக்கம் திரும்பவே பயந்தேன். அக்கா வண்டியை விட்டுப் போகவில்லை என்று லோடு ஏற்றுகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். சத்தியமாக நானும் நம்பினேன். ஆனால் அது அவள்தான் என்றால், இன்னும் காற்றுக்குத் தவிக்கிறாள் என்றுதானே அர்த்தம்? மாமா வேறு பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "நோவாமத்தான் போனாளாடா?" நான் ஏதாவது வேலை சொல்லி நழுவிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் டேஷ்போர்டைக் கழற்றிவிட்டேன். என்ஜின் காற்றை இழுக்கிற உறிஞ்சலை மெல்லிய ரப்பர் குழாய்கள் டேஷ்போர்டுக்குள் கொண்டுவரும். அந்த உறிஞ்சலில்தான் காற்றைத் திருப்பிவிடும் தகடு அசையும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உறிஞ்சல் குறையும். குழாய் நன்றாக இருந்தால் உள்ளே சேர்ந்திருக்கும் உறிஞ்சல் தகட்டைத் தாங்கும், ஓட்டை இருந்தால் தகடு விழுந்து காற்றெல்லாம் கண்ணாடிக்குப் போய்விடும். பனி பெய்கிற தேசத்துக்காரன் கண்ணாடியில் பனி படியாமல் வழி தெரிந்தால் போதும் என்று செய்தது. எங்கள் ஊரில் ஏது பனி?

ஒவ்வொரு குழாயையும் ஒரு முனையை அடைத்து வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் மூடினேன். இரண்டு குழாய்கள் நாக்கைக் கவ்விப் பிடித்தன. மூன்றாவது பிடிக்கவில்லை. அதைத் திரும்ப மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, ஊதுபத்தியைப் பற்றவைத்துக் குழாயோடு நகர்த்தினேன். ஓரிடத்தில் புகை சட்டென்று உள்ளே போனது. அங்கே ஒரு ஸ்குரு குத்திய ஓட்டை இருந்தது. ஆயுத பூஜைக்கு முருகன் படம் வைக்க நான் முடுக்கிய ஸ்குரு. முதலில் போட்ட சின்ன ஸ்குரு எங்கள் ரோட்டுக்கு ஆடிக் கழன்றுகொண்டே இருந்தது. சாமி படமாச்சே, விழுந்தால் குற்றமாச்சே என்று நீளமாகத் தேடிப் போட்டிருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்காவைக் காப்பாற்ற மிதித்த ஒவ்வொரு மிதியிலும் அவள் முகத்திலிருந்து காற்றைப் பிடுங்கியிருக்கிறேன். ஓரமாக ஒரு நிமிஷம் நிறுத்தியிருந்தால் வந்திருக்கும்.

குழாயை மாற்றினேன். சத்தம் நின்றுவிட்டது. அடுத்த வாரம் மாமாவை நல்லூரில் ஒரு வேலைக்காக ஏற்றிக்கொண்டேன். அக்கா இறந்த பிறகு அந்தச் சீட்டில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பியிருந்தேன். வண்டி வேகம் எடுத்தது. காற்று அவர் முகத்திலேயே நின்றது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லா ஜில்லுன்னு வருதுடா. அன்னிக்கி அவளுக்கும் இப்புடித்தான வந்துருக்கும்?"

"ஆமா மாமா," என்றேன்.